பட்டிக்குள் செய்தித்தாள் இருந்த மாருதி 800: முழுசாகப் புதுப்பிப்பதா, ஓட வைப்பதா, வேறொன்று வாங்குவதா?

குடியாத்தத்தில் பெரியப்பா வீட்டு வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்த 1998-ஆம் வருஷத்து மாருதி 800, போன ஆடி மாதத்திலிருந்து என் பொறுப்பில் இருக்கிறது. பெரியப்பா காலமாகி ஏழெட்டு மாதம் கழித்துப் பெரியம்மா சாவியைக் கொண்டுவந்து கையில் வைத்தார். "விக்கணும்னா நானே வித்திருப்பேன்டா. ஓட்டுறதா இருந்தா எடுத்துட்டுப் போ. நிக்க வைக்கிறதுக்கு எடுத்துட்டுப் போவாத."

வெள்ளை வண்டி. பத்தடி தள்ளி நின்று பார்த்தால் குறையே சொல்ல முடியாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். கிட்டே போய்க் கதவை மூடினால்தான் தெரியும். டிரைவர் பக்கத்துக் கதவு கீழே இடிக்கும். கொஞ்சம் தூக்கித் தள்ளினால்தான் பூட்டு விழும். கீல் தேய்ந்திருக்கும் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன்.

பெரியப்பா கடைசிப் பத்து வருஷத்தில் மூன்று பட்டறைகளில் வேலை செய்யக் கொடுத்திருக்கிறார். ஒவ்வொரு பட்டறையும் முன்னவர் செய்ததைப் பிரிக்காமல் அதன் மேலேயே தன் வேலையைச் செய்து அனுப்பியிருக்கிறது. ஓடித் தேய்ந்த வண்டியைச் சரிசெய்வது சுலபம். பேரிங் போயிருந்தால் பேரிங்கை மாற்றினால் தீர்ந்தது. தப்பாகப் பார்த்த வேலை அப்படியில்லை. முதலில் அதைப் பிரிக்கக் கூலி, அப்புறம் சரியாகச் செய்யக் கூலி. எத்தனை இடத்தில் பிரிக்க வேண்டியிருக்கும் என்பது மேலிருந்து பார்ப்பவர் யாருக்கும் தெரியாது. அதனால் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு "நாப்பதாயிரத்துல முடிச்சுத் தரேன் சார்" என்று சொல்லும் எந்தத் தொகையையும் நம்பி முடிவெடுக்கக் கூடாது. இந்த ஒன்றைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது என்று யோசிக்கும் முன்பே, வண்டியைப் பிரித்துப் பார்க்க மட்டும் தனியாகக் காசு கொடுங்கள்.

முதலில் பிரித்துப் பார்ப்பது

வேலூர் சத்துவாச்சாரியில், வண்டித் தகர வேலை பார்க்கும் டிங்கர் பாய் ஒருவர் இருக்கிறார். அவரிடம், "ரெண்டு நாள் கூலி தரேன் பாய், வேலை எதுவும் செய்ய வேணாம், உள்ள என்ன இருக்குன்னு மட்டும் காட்டுங்க" என்றேன். இப்படி யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டுச் சரி என்றார்.

ஸ்பீக்கரிலிருந்து பிரித்தெடுத்த ஒரு காந்தத்தை நூலில் கட்டி வைத்திருந்தார். அடியில் தகரம் இருந்தால்தான் அது ஒட்டும். அதைப் பானெட்டில் வைத்தார், ஒட்டியது. கதவின் மேல்பாதியில் ஒட்டியது. கீழ்ப்பாதியில் வழுக்கியது. கதவுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் ரன்னிங் போர்டில் வைத்தபோது நேராகத் தரையில் விழுந்தது. நான்கு இடத்தில் வைத்தார், நான்கிலும் விழுந்தது. உளியை எடுத்து லேசாகத் தட்டினார். உள்ளங்கை அகலத்துக்குப் பட்டி, அதாவது பெயிண்டுக்கு அடியில் பூசும் பூச்சு, பெயர்ந்து வந்தது, கிட்டத்தட்ட விரல் கனம். அதற்குப் பின்னால் மடித்துத் திணித்த தமிழ்ச் செய்தித்தாள். அதையும் இழுத்தால், எண்ணெய் டின்னை வெட்டித் தட்டையாக்கி நான்கு ரிவெட் அடித்து வைத்த தகரம். அந்த டின்னில் கடலை எண்ணெய்ப் படம் இன்னும் மங்கலாகத் தெரிந்தது.

"தம்பி, இந்த வண்டி நிக்கிறதே இதும் மேலதான். அந்தக் கதவு ஏன் இடிக்குதுன்னு இப்போ தெரியுதா? கீல்ல ஒண்ணும் கோளாறு இல்ல. பாடியே தொங்குது" என்றார் பாய்.

மாருதி 800-க்கு ஜீப் போல அடியில் தனியாக இரும்புச் சட்டம் கிடையாது. தரைத்தகடு, ரன்னிங் போர்டு, தூண்கள் எல்லாம் ஒன்றாக வெல்டிங் ஆகித்தான் பாரத்தைத் தாங்குகின்றன. ரன்னிங் போர்டு அரித்துப் போனால் வண்டியின் முதுகெலும்பே போன மாதிரி. அதைப் பட்டியால் மூடுவது எவ்வளவு பெரிய ஆபத்து என்பது இடிபடும் நாளில்தான் தெரியவரும். பட்டி என்பது இரண்டு, மிஞ்சினால் மூன்று மில்லிமீட்டருக்குள் தகரத்தின் மேடுபள்ளத்தைச் சமன் செய்ய வந்த பொருள். ஓட்டையை அடைக்க வந்ததல்ல. இதில் இன்னொன்றும் செய்திருந்தார்கள். மழைத்தண்ணீர் வடிவதற்காகக் கம்பெனியிலேயே ரன்னிங் போர்டின் அடியில் விட்டிருக்கும் துளைகளைத் தார் பூசி அடைத்துவிட்டார்கள். உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லை. துரு வெளியிலிருந்து பிடித்ததல்ல, உள்ளிருந்தே தின்றிருக்கிறது.

இரண்டாம் நாள் அண்ணனும் வந்தான். சிமெண்ட் தரையில் வண்டியைச் சமமாக ஏற்றி நிறுத்தி, கொத்தனாரிடம் வாங்கிவந்த தூக்குக்குண்டை அடிப்பாகத்தில் இடமும் வலமும் ஒரே மாதிரி இருக்கும் துளைகளிலிருந்து தொங்கவிட்டோம். குண்டின் நுனி தொடும் இடத்தில் சாக்பீஸால் புள்ளி. அப்படி எட்டுப் புள்ளி. வண்டியை நகர்த்திவிட்டு டேப்பால் குறுக்களவுகளை எடுத்தோம். இடது முன் மூலையிலிருந்து வலது பின் மூலைக்கும், வலது முன்னிலிருந்து இடது பின்னுக்கும் ஒரே அளவு வர வேண்டும். ஐந்து மில்லிமீட்டருக்குள் வித்தியாசம் இருந்தால் கவலையில்லை என்றார் பாய். எங்களுக்கு நான்கு வந்தது. வண்டி பெரிதாக இடிபடவில்லை, அரித்துத்தான் போயிருக்கிறது. அன்றைக்கு எனக்குக் கிடைத்த முதல் நல்ல சேதி அது. இந்த அளவு இருபது முப்பது என்று வந்திருந்தால், கீழே சொல்லும் நான்கு வழிகளில் இரண்டு அங்கேயே அடிபட்டுப் போயிருக்கும்.

பாயிடமிருந்து மெக்கானிக்கிடம். அங்கே பார்த்ததில் என்னை உலுக்கியது ஒன்று. பின்பக்க இடது சக்கரத்துக்குப் போகும் பிரேக் குழாயை மடக்கி, சுத்தியலால் தட்டி நசுக்கி அடைத்திருந்தார்கள். அந்தச் சக்கரத்தின் சிலிண்டர் ஒழுகியிருக்கிறது. அதை மாற்றாமல் எண்ணெயே போகாதபடி செய்துவிட்டார்கள். பெரியப்பாவும் பெரியம்மாவும் இந்த வண்டியில்தான் மூன்று சக்கரப் பிரேக்கோடு மாதாமாதம் ஆஸ்பத்திரிக்கு வேலூர் வந்து போயிருக்கிறார்கள். அதைச் செய்தவருக்குத் தான் என்ன செய்கிறோம் என்று நிச்சயம் தெரிந்திருக்கும். அதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

மற்றவை: ஹெட்லைட்டுக்கு வீட்டு ஒயர் இழுத்திருந்தது. 60 வாட் வீதம் இரண்டு பல்பு என்றால் பன்னிரண்டு வோல்ட்டில் கிட்டத்தட்ட 10 ஆம்பியர் போகும். ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் முறுக்கிய செம்புக் கம்பி. அது எரியாது, எரிந்தால் ஒயர்தான் எரியும். ரேடியேட்டர் ஃபேன் சாவி போட்டதும் ஓயாமல் ஓடும்படி நேரடி இணைப்பு. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டார்கள்.

இந்தத் தெர்மோஸ்டாட் விஷயம் நம்ம ஊரில் ஒரு மூடநம்பிக்கை மாதிரி வேரூன்றிக் கிடக்கிறது. "வேலூர் வெயிலுக்கு அது எதுக்கு சார்" என்பார்கள். சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர்தான், மறுக்கவில்லை. ஆனால் தெர்மோஸ்டாட் இன்ஜினைச் சூடாக்க வைத்த பொருள் அல்ல. 80 டிகிரியை ஒட்டிய சரியான சூட்டில் இன்ஜினை வைத்திருக்க வைத்தது. அதைக் கழற்றினால் நெடுஞ்சாலையில் இன்ஜின் சூடேறாமலே ஓடி, பெட்ரோலைக் குடித்து, ஆயிலைக் கெடுக்கும். நெரிசலில் நின்றால் பழையபடி கொதிக்கும், ஏனென்றால் உண்மையான கோளாறு அடைபட்ட ரேடியேட்டரில். அது ஏன் அடைபட்டது? கூலண்ட்டுக்குப் பதில் போர் தண்ணீர் ஊற்றியதால். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று தோல் பதனிடும் ஊர்களைச் சுற்றி நிலத்தடி நீர் எவ்வளவு உப்பு என்பதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. குடத்தின் அடியில் வெள்ளையாகப் படிவது ரேடியேட்டருக்குள்ளும் படியும். மாருதி 800-ன் இன்ஜின் பிளாக் இரும்பு, மேலே ஹெட் அலுமினியம். உப்புத் தண்ணீர் முதலில் தின்பது அந்த அலுமினியத்தைத்தான்.

நான்கு நாளில் பார்த்ததற்கு மொத்தம் 5,500 ரூபாய் ஆனது. பட்டியலைக் கையில் வைத்துக்கொண்ட பிறகுதான் வழிகளை ஒப்பிட உட்கார்ந்தேன்.

முழுசாகப் புதுப்பிப்பது

வண்டியை வெறும் தகரமாகும்வரை பிரித்து, துருப் பிடித்ததையெல்லாம் வெட்டி, புதுத் தகரம் வைத்து, பெயிண்ட் அடித்து, இன்ஜினையும் இறக்கி ஏற்றுவது. மனசு போவது இதில்தான். நானும் முதல் வாரம் முழுக்க இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்குச் சொன்ன தொகை: டிங்கரிங், பெயிண்டிங் 95,000, இன்ஜின் 38,000, ஒயரிங் 14,000, பிரேக், சஸ்பென்ஷன், டயர் 35,000, சீட்டும் உள்வேலையும் 15,000. கூட்டினால் இரண்டு லட்சத்துக்கு மூவாயிரம் குறைவு. அதே நேரத்தில் நான் நேரில் போய்ப் பார்த்த, ஓரளவு நல்ல 800-களுக்கு 60,000 முதல் 90,000 வரைதான் கேட்டார்கள். ஆக, போட்ட காசு திரும்பி வராது. அது தெரிந்தே செய்பவர்கள் செய்யலாம், தப்பில்லை. 1983 டிசம்பர் 14 அன்று பிரதமர் இந்திரா காந்தி கையால் சாவி வாங்கிய முதல் மாருதி 800, உரிமையாளர் 2010-ல் இறந்த பிறகு டெல்லியில் வெயிலிலும் மழையிலும் கிடந்து துருவேறியது. பிறகு அதை அசல் பாகங்களோடு புதுப்பித்துக் கம்பெனித் தலைமையகத்தில் வைத்தார்கள். அப்படிப்பட்ட வண்டிக்கு இது தகும். 1986-க்கு முந்தைய முதல் வடிவம் வைத்திருப்பவர்களுக்கும் தகும், அவை அருகிவிட்டன. 1998 மாடல் தெருவுக்குத் தெரு இருந்த வண்டி.

பணத்தைவிட என்னைத் தடுத்தது வேறொன்று. வேலூரில் எந்தப் பட்டறையின் பின்பக்கமும் போய்ப் பாருங்கள். கண்ணாடி கழற்றி, கதவு கழற்றி, பிரைமரோடு நிற்கும் ஒரு வண்டியாவது இருக்கும், அதன் மேல் கொடி படர்ந்திருக்கும். அதெல்லாம் முழுசாகப் புதுப்பிக்க வந்த வண்டிகள். பாதியில் காசு தீர்ந்திருக்கும், அல்லது டிங்கர் வெளிநாடு போயிருப்பார். பிரித்த வண்டியின் நட்டும் கிளிப்பும் எந்தச் சாக்கில் இருக்கிறது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். இந்த வழியில் போவதாக இருந்தால் இரண்டு லட்சமும் முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும். கழற்றுவதற்கு முன்னால் ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்து, நட்டுகளைத் தனித்தனிப் பையில் போட்டு எழுதி வைக்க வேண்டும். மொத்தக் காண்ட்ராக்ட் பேசாதீர்கள். தகரம் முடிந்ததும் ஒரு தொகை, பிரைமர் முடிந்ததும் ஒரு தொகை என்று பேசுங்கள். பட்டி போடுவதற்கு முன் வெறும் தகரத்தை நீங்கள் நேரில் பார்த்தாக வேண்டும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தப்பான வேலைகள் எல்லாம் பட்டிக்கு அடியில்தான் ஒளிகின்றன.

ஓட வைப்பது

அழகைத் தள்ளிவைத்துவிட்டு, உயிருக்கு ஆபத்தானதையும் வண்டியைத் தின்றுகொண்டிருப்பதையும் மட்டும் சரிசெய்வது. மெக்கானிக்குகள் இதை "ரன்னிங் கண்டிஷன்" என்பார்கள். ஆனால் அவர்கள் சொல்வதில் பெரும்பாலும் இன்ஜின் மட்டும்தான் இருக்கும். நான் சொல்வதில் தகரமும் சேர்த்தி.

இதில் வரிசைதான் எல்லாம். முதலில் பிரேக். அப்புறம் தாங்கும் தகரம், அதாவது ரன்னிங் போர்டும் தரைத்தகடும். மூன்றாவது தண்ணீர்ச் சுற்று. நான்காவது ஒயரிங். பெயிண்ட் கடைசி. அது வராமலே போனாலும் பரவாயில்லை. இந்த வரிசையை மாற்றியதால்தான் எங்கள் வண்டிக்கு இந்தக் கதி. மூன்று பட்டறையும் பெயிண்டிலிருந்து ஆரம்பித்திருக்கின்றன.

தொகை: பிரேக் 9,500, தகரம் 24,000, தண்ணீர்ச் சுற்றும் ஹெட் வேலையும் 13,000, முழு ஒயரிங் 14,000, டயர், அலைன்மெண்ட், சில்லறை 16,000. ஆக 76,500. நல்லதாக ஒரு பழைய 800 வாங்கும் விலை.

வெல்டிங்கைப் பற்றி ஒரு வார்த்தை. கேஸ் வெல்டிங் மலிவு, ஆனால் இந்த வண்டியின் தகரம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. கேஸின் சூட்டில் அது வளைந்து நெளியும், பக்கத்தில் உள்ள பெயிண்டும் கருகித் துருவுக்கு வழிவிடும். பட்டறைக்காரர்கள் சிஓடூ வெல்டிங் என்று சொல்லும் மிக் வெல்டிங்தான் வேண்டும். அதையும் ஒரே இழுப்பாக இழுக்காமல் அங்கங்கே விட்டு விட்டு வைக்க வேண்டும். பேட்டரியைக் கழற்றாமல், பெட்ரோல் டேங்கை இறக்காமல் வெல்டிங் வைக்க வருபவரை உடனே நிறுத்துங்கள். வேலை முடிந்ததும் ரன்னிங் போர்டின் உள்ளே மெழுகு அடிக்க வேண்டும். வடிகால் துளைகளைத் திறந்துவிட வேண்டும்.

இன்னொரு கண்ணி ஹெட். கொதித்த வண்டி என்றால் ஹெட் வளைந்திருக்கும். லேத்தில் கொடுத்து முகம் சீவித் தருவார்கள். ஒருமுறை சீவினால் சரி. ஏற்கெனவே சீவிய ஹெட்டை மறுபடி சீவினால் எரியும் அறையின் உயரம் குறைந்து, அழுத்தம் ஏறி, மேட்டில் ஏறும்போது இன்ஜின் நாக்கிங் கொடுக்கும், அதாவது உள்ளே தட்டுகிற சத்தம் வரும். எஃகு ஸ்கேலை நிறுத்திவைத்து, அடியில் ஃபீலர் கேஜ் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 0.05 மில்லிமீட்டர் தகடு நுழையவில்லை என்றால் சீவவே வேண்டாம். எங்களுக்கு நுழைந்தது. ஆனால் உயரம் இன்னும் மிச்சம் இருந்ததால் தப்பித்தோம். போயிருந்தால் வேறு ஹெட் தேட வேண்டியிருக்கும். அதுவும் கிடைக்காத பொருள் இல்லை. மாருதி 800 தயாரிப்பு 2014-ல் நின்றாலும், அதே 796 சிசி இன்ஜினை வைத்து ஆம்னி 2019 வரை வந்தது. வேலூரிலேயே பெரும்பாலானது கிடைக்கும், இல்லாவிட்டால் சென்னை புதுப்பேட்டை இருக்கிறது.

இந்த வழியின் குறையையும் சொல்ல வேண்டும். வண்டி பார்க்க அப்படியே இருக்கும், சில இடத்தில் முன்னைவிட மோசமாகவும் இருக்கும். கதவின் கீழ்ப்பாதியில் நாம் தொடாத பட்டிக்குள் துரு நடந்துகொண்டேதான் இருக்கும். அது தாங்கும் தகரம் அல்ல என்பதால் இரண்டு மூன்று வருஷம் தள்ளலாம், அவ்வளவுதான்.

நல்ல பாடியாக வேறொன்று வாங்குவது

கணக்குப் போட்டால் மூன்றாவது வழிதான் புத்திசாலித்தனம். 80,000-க்குத் துருவேறாத ஒரு 800, மேல்செலவுக்கு 20,000. ஒரு லட்சத்தில் முடிந்தது. நம் வண்டியிலிருந்து நல்ல சாமான்களைக் கழற்றி அதற்கு உதிரியாக வைத்துக்கொள்ளலாம். பந்தம் எதுவும் இல்லாமல் வெறும் வண்டியாகப் பார்ப்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் வாங்கப் போகும் வண்டியும் நம் வண்டி மாதிரியே மூடி மறைத்ததாக இருக்கலாம். காந்தத்தைக் கையோடு கொண்டு போங்கள். தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள். தூக்கவிடாதவரிடம் வாங்காதீர்கள். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் புரண்டதே, அப்போது தண்ணீரில் நின்ற வண்டிகளும் இந்தப் பக்கத்தில் கைமாறியிருக்கும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், எவ்வளவு கழுவினாலும் அந்த மடிப்பில் வண்டல் கறை போகாது. சித்தூர்ப் பக்கத்து ஏ.பி. வண்டியும் பெங்களூர் கே.ஏ. வண்டியும் விலை குறைவாகத் தெரியும். தடையில்லாச் சான்று, இங்கே மறுபதிவு, வரி என்று சேர்த்துப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

நான் தேடிக்கொண்டிருந்தபோது ஒருவர், "நல்ல பாடி ஒண்ணு கீது. உங்க வண்டி சேசிஸ் நம்பர் இருக்கிற தகரத்த மட்டும் வெட்டி அதுல வச்சுத் தந்துடறேன், ஆர்.சி. உங்களுதே ஓடும்" என்றார். கேட்க எளிதாகத்தான் இருக்கும். சேசிஸ் எண்ணை மாற்றுவது குற்றம். அந்தப் பாடி திருட்டு வண்டியாக இருந்தால் பதில் சொல்ல வேண்டியது நாம். இன்ஜினை மாற்றுவது வேறு விஷயம், அதற்கு வழி உண்டு. வாங்கிய ரசீதோடு ஆர்.டி.ஓ. ஆபீசில் தெரிவித்து ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். பழைய பட்டறைகள் சொல்லாமலே இன்ஜினை மாற்றியிருக்கவும் கூடும். எனவே பிரித்துப் பார்க்கும்போதே இன்ஜின் எண்ணைத் துடைத்து ஆர்.சி.யோடு ஒப்பிட்டுவிடுங்கள். எங்களுக்கு இரண்டும் பொருந்தியது.

நான்காவது வழி, விட்டுவிடுவது. குறுக்களவு கோணிப்போய், ஆர்.சி.யும் காலாவதியாகி, இன்ஜின் எண்ணும் பொருந்தாத வண்டி என்றால் இதுதான் நேர்மையான முடிவு. காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிட்டு ஆர்.சி.யை அலமாரியில் வைத்திருக்காதீர்கள். உங்கள் பெயரில் அந்த எண் உயிரோடு இருக்கும்வரை தொல்லை உங்களுக்குத்தான். அரசு பதிவு பெற்ற வாகன உடைப்பு மையத்தில் கொடுத்துச் சான்றிதழ் வாங்கிப் பதிவை ரத்து செய்யுங்கள். பழைய வண்டிக்கு அங்கே கிடைக்கும் தொகையாக 2021-ல் அறிவித்த கொள்கையில் சொன்ன அளவு, புது வண்டியின் ஷோரூம் விலையில் 4 முதல் 6 சதவீதம். 4 லட்ச ரூபாய் வண்டி என்று வைத்தால் 16,000-லிருந்து 24,000.

எங்கள் வண்டி

காகிதங்கள்தான் எங்கள் முடிவைச் சாய்த்தன. 15 வருஷம் தாண்டிய காருக்கு 5 வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். பெரியப்பா 2023-ல் புதுப்பித்துவிட்டுப் போயிருக்கிறார், 2028 வரை செல்லும். அடுத்த முறை செலவு கூடும். 20 வருஷம் தாண்டிய கார்களுக்குப் புதுப்பிப்புக் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்த்திவிட்டார்கள். ஆக இன்றைக்குச் செலவழிக்கும் காசு 2028 வரைக்குமாவது பயன்பட வேண்டும், அன்றைய சோதனையிலும் வண்டி தேற வேண்டும். வாரிசுச் சான்றிதழும் இறப்புச் சான்றிதழும் வைத்துப் படிவம் 31 கொடுத்துப் பெயரைப் பெரியம்மாவுக்கு மாற்றினோம். என் பெயருக்கு மாற்றிக்கொள் என்றார். நான்தான் வேண்டாம் என்றேன்.

குறுக்களவு சரி, எண் சரி, ஆர்.சி. உயிரோடு இருக்கிறது. இந்த மூன்றும் இருந்ததால் இரண்டாவது வழி. மூன்றில் ஒன்று இல்லாமல் போயிருந்தாலும் பெரியம்மாவிடம் போய் உட்கார்ந்து வேறு மாதிரிப் பேசியிருப்பேன்.

ஐப்பசி மழைக்குள் தகர வேலை முடிய வேண்டும் என்று பாயிடம் கேட்டுக்கொண்டேன், முடித்தார். பழைய டின் தகரத்தைத் தூக்கிப் போடப் போனவரிடம் அதைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். சாதாரண பிரைமர் ஈரத்தை உறிஞ்சும். மழைக்காலத்தில் அதோடு வண்டியை நிற்க வைத்தால் அடியில் மறுபடி துருப் பிடிக்கும். அதனால் 1,800 ரூபாய் கூடக் கொடுத்து எப்பாக்சி பிரைமர் அடித்தோம். வெள்ளை வண்டிக்குக் கீழே இரண்டு பக்கமும் சாம்பல் பட்டை. 76,500 என்று போட்டது 83,000-ல் வந்து நின்றது. ஸ்டியரிங் ராக்கின் ரப்பர் உறை கிழிந்திருந்ததையும் முன்சக்கர பேரிங் ஒன்றையும் நான்கு நாளில் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

பங்குனியில் ஒரு மத்தியானம் வேண்டுமென்றே வேலூர் கிரீன் சர்க்கிள் நெரிசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். சூடு காட்டும் முள் பாதிக்கு வந்தது, ஃபேன் சுற்றியது, முள் இறங்கியது, ஃபேன் நின்றது. ஃபேன் நின்ற சத்தம்தான் எனக்குக் கேட்க வேண்டியிருந்தது. அடுத்த ஞாயிறு அண்ணனோடு ஏலகிரி. பதினான்கு கொண்டை ஊசி வளைவு, இரண்டாவது கியரில் நாக்கிங் இல்லாமல் ஏறியது. இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் நான்கு சக்கரமும் பிடித்தன.

பெரியம்மாவை இப்போது மாதாமாதம் நான்தான் வேலூர் அழைத்து வருகிறேன். முதல் தடவை ஏறி உட்கார்ந்து கதவை எப்போதும்போல இரண்டு கையாலும் தூக்கி இழுத்தார். அது டப்பென்று மூடிக்கொண்டது. "இன்னாடா, இவ்ளோ லேசா கீது" என்றார்.